ஓடு கழற்றிய வண்டிகள்

கலிஃபோர்னியாவில் எல் கஹோன் ஊரில் நாங்கள் குடியிருந்த தெருவில், பாதி வீடுகளின் கார் ஷெட்டில் கார் நிற்காது. ஓடுகிற கார்கள் வெளியே வெயிலில் கிடக்கும். ஷெட்டுக்குள்ளே ஏதாவது ஒன்று பிரித்துப் போட்டபடி கிடக்கும். எண்பதுகளின் தொடக்கம் அது. பக்கத்து சான் டியேகோ கடற்படை ஊர். கப்பல் எஞ்சின்களோடு காலம் கழித்து ஓய்வுபெற்றவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் வீடு வாங்கியிருந்தார்கள். கடலை விட்டு வந்தவர்களுக்கு அடுத்த மோகம் பாலைவனம். கிழக்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் மணல்மலை. தெற்கே அரை மணி நேரத்தில் மெக்சிகோ எல்லை, அதைத் தாண்டினால் பாஹா.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் அப்படி ஒரு கடற்படை மெக்கானிக்தான். அப்பாவைவிட மூத்தவர். ‘அங்கிள்’ என்று கூப்பிடச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அந்த மனிதருக்கு அது விநோதமாக இருந்தாலும் மறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் அவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய், போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் தெருவில் இருந்த ஆம்பிளைகள் நாலு பேர் சேர்ந்து, காரின் மேல்கூட்டை அப்படியே தூக்கி வெளியே புல்வெளியில் வைத்துவிட்டார்கள். ஷெட்டுக்குள் மிச்சமிருந்தது ஒரு தகரத் தரை, அதன் நடுவே முதுகெலும்பாக ஒரு நீளக் குழாய், முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம், எஞ்சின், ஸ்டியரிங். அவ்வளவுதான்.

வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட வந்த அம்மா நின்று பார்த்தாள்.

“ஏட்டி, அந்த மனுசன் நல்லா ஓடுன வண்டியப் போட்டு எதுக்கு இந்தப் பாடு படுத்துதாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கே பலகை விலகியிருந்த இடுக்கு வழியாக அந்தப் பக்கம் போய்விட்டேன். பொம்பளைப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று அம்மா கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை. அப்பாதான் கேட்டார். “கிரீஸ் கறை போவாது, சொல்லிட்டேன்” என்பதோடு அவருடைய ஆட்சேபமும் முடிந்தது.

அடுத்த சில மாதங்களில் நான் கற்றுக்கொண்டது எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைத்ததில்லை. தரைச்சட்டத்தை நடுவே வெட்டி, சுமார் 37 சென்டிமீட்டர் துண்டை எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டவைத்து வெல்டிங் செய்தார். முன் சக்கரமும் பின் சக்கரமும் கிட்டே வந்தன. நீளம் குறைந்தால் மேட்டின் உச்சியில் வயிறு தட்டி மாட்டிக்கொள்ளாது, சட்டென்று திரும்பும். எஞ்சினைக் கியர்பாக்ஸோடு பிடித்துவைத்திருப்பது நாலே நாலு போல்ட். நாலையும் கழற்றி, கீழே ஜாக்கி கொடுத்துப் பின்னால் இழுத்தால் எஞ்சின் கையோடு வந்துவிடும். தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது, ஓஸ் கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக ஃபின்கள். மேலே ஒரு விசிறி காற்றை அடித்துக் குளிரவைக்கும். நாலு சிலிண்டர்களும் இரண்டு இரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும்.

டேப்பட் சரிசெய்வதில், அதாவது வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்ப்பதில், எனக்கு ஒரு பங்கு இருந்தது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும் விடிகாலையில்தான் அதைச் செய்யவேண்டும். பெரிய ஸ்பேனரை வைத்துக் கிராங்க் புல்லியை அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, அதில் இருக்கிற கோடு எஞ்சின் கூட்டின் பிளவுக்கு நேராக வந்ததும் நான் “நிறுத்து” என்று கத்தவேண்டும். அவர் கீழே படுத்து, அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு தடிமனுள்ள ஃபீலர் கேஜ் தகட்டை இடுக்கில் விட்டுப் பார்ப்பார். அது லேசான பிடிப்போடு வழுக்கிக்கொண்டு வரவேண்டும். தகட்டை ஒரு முறை என் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். அந்தப் பிடிப்பு இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது. பிற்காலத்தில் எஞ்சினியரிங் படித்தபோது ‘டாலரன்ஸ்’ என்று போர்டில் எழுதிப்போட்ட ஆசிரியருக்கு, அதை நான் எட்டு வயதில் தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லவேண்டும்போல இருந்தது.

பிறகு ஒரு டிரெய்லரில் ஃபைபர்கிளாஸ் உடல் வந்து இறங்கியது. ஆரஞ்சு நிறம், கதவு இல்லை, கூரை இல்லை. சக்கரங்களுக்கு மேலே வளைந்து புடைத்த தோள்கள். அம்மா பார்த்த உடனே சொன்னாள்: “குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் வச்சிருக்கு.”

அந்தத் தொட்டியின் கதையை அங்கிள் வேலைக்கு நடுவே சொல்வார். இதை முதலில் செய்தவர் புரூஸ் மேயர்ஸ். நியூபோர்ட் பீச்சில் ஃபைபர்கிளாஸ் படகுகள் செய்துகொண்டிருந்தவர், அலைச்சறுக்கு விளையாடுகிறவர். இரண்டாம் உலகப் போரில் பங்கர் ஹில் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தார். 1945 மே மாதம் ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் அதில் மோதியபோது கடலில் குதித்துப் பிழைத்தவர். அங்கிளுக்கு அவர்மேல் இருந்த மரியாதையில் பாதி இந்தக் கப்பல் விஷயத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். கடற்கரை மணலில் ஓட்டுவதற்காக 1964-ல் மேயர்ஸ் முதல் வண்டியைச் செய்தார். மாங்க்ஸ் என்று பெயர். அது வாலில்லாப் பூனை இனம் ஒன்றின் பெயர். முதல் பன்னிரண்டு வண்டிகளில் தனியாகச் சட்டமே இல்லை, ஃபைபர்கிளாஸ் உடலே சட்டம். செய்வதற்குச் செலவு அதிகமாகி, விற்றுக் கட்டுப்படியாகவில்லை. அதன் பிறகுதான் பீட்டிலின் தரையை வெட்டிக் குறுக்கி அதன்மேல் தொட்டியைப் பொருத்துகிற யோசனை. பழைய பீட்டில் ஒன்று, வெல்டிங் தெரிந்த ஒருத்தர், சில வாரக் கடைசிகள் இருந்தால் போதும் என்றாகிவிட்டது.

அந்த எளிமையே அவருக்குப் பகையாயிற்று. அச்சு எடுத்து ஊற்றத் தெரிந்த எவரும் நகல் செய்தார்கள். வழக்குப் போட்டார், காப்புரிமை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1971-ல் கம்பெனி முடிந்துபோனது. அவர் செய்தவை சில ஆயிரம், நகல்கள் லட்சக்கணக்கில். அங்கிள் வாங்கியதும் ஒரு நகல்தான். அதை அவர் மறைக்கவில்லை. பெருமையாகவும் சொல்லிக்கொள்ளவில்லை.

மேயர்ஸின் பெயர் நிலைத்தது பாஹாவால். கலிஃபோர்னியாவுக்குத் தெற்கே மெக்சிகோவின் மேற்கில் ஒல்லியாக நீண்டு கிடக்கும் தீபகற்பம் அது. ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் கலிஃபோர்னியா வளைகுடா, நடுவே கள்ளியும் பாறையும் வறண்ட ஏரிகளும். தெற்குக் கோடிக்கு அருகே லா பாஸ் நகரம். 1973-ல் நெடுஞ்சாலை முழுதாக முடிகிறவரை வடக்கிலிருந்து தெற்கே போக ஆயிரம் மைல் அளவுக்குப் பெரும்பாலும் மண்தடம்தான். மோட்டார் சைக்கிள்காரர்கள் அதை நாற்பது மணி நேரத்துக்குள் கடந்ததே பெரிய பேச்சாக இருந்தது. 1967 ஏப்ரலில் மேயர்ஸும் டெட் மாங்கெல்ஸும் லா பாஸில் கிளம்பி வடக்கே எல்லை ஊரான டிஹுவானாவுக்கு 34 மணி 45 நிமிடத்தில் வந்து சேர்ந்தார்கள். அந்தக் குளியல்தொட்டியில்தான். அந்த ஆண்டு அக்டோபர் கடைசியிலேயே ‘மெக்சிகன் 1000’ என்று முறையான பந்தயம் தொடங்கிவிட்டது. முதல் பந்தயத்திலும் ஜெயித்தது மாங்க்ஸ். மாங்கெல்ஸும் விக் வில்சனும் ஓட்டினார்கள், 27 மணி 38 நிமிடம். பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்க வண்டிகளெல்லாம் பின்னால் வந்தன. எடை குறைந்த வண்டிக்குப் புதைமணல் வழிவிடும், கனத்த வண்டியை விழுங்கும். எஞ்சின் பின்னால் இருப்பதால் எடையின் பெரும்பகுதி இழுக்கிற சக்கரத்தின்மேல். முன் சக்கரங்கள் மணலின்மேல் மிதந்துகொண்டு போகும்.

இதை நான் வீட்டில் வந்து அளந்தபோது, அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, “அது தெரிஞ்சதுதான” என்றாள்.

அம்மாவுக்கு உடன்குடிப் பக்கம். திருச்செந்தூருக்குத் தென்மேற்கே தேரிக்காட்டின் ஓரம். குங்குமச் சிவப்பில் மேடு மேடாக மணல். ஆனி ஆடிக் காற்றில் மேடே இடம்பெயரும். சின்ன வயதில் பனங்காட்டிலிருந்து பதனீர்ப் பானையைத் தலையில் வைத்து அந்த மணலில் நடந்து வந்தவள். கருப்பட்டி காய்ச்ச, மதியத்துக்கு முன் வீடு வந்து சேரவேண்டும். “தேரியில ஏத்தத்துல நிக்கப்பிடாது. நின்னா புதையும். பெருவிரலக் குத்தி உந்தவும் கூடாது. பாதத்தப் பரப்பி வச்சு ஒரே சீரா போய்க்கிட்டே இருக்கணும்.” மாட்டு வண்டியெல்லாம் தேரிக்குள்ளே வராது, சுற்றித்தான் போகும் என்றாள். கலிஃபோர்னியாவில் எதைப் பார்த்தாலும் அம்மாவுக்கு ஊர் ஞாபகம் வரும். வழக்கமாக அலுப்பாக இருக்கும். அன்றைக்கு மட்டும் நான் உட்கார்ந்து கேட்டேன்.

இந்தத் தொட்டி வண்டிகளைப் ‘பக்கி’ என்பார்கள். அங்கிளின் பக்கியை மணலுக்கு இழுத்துப்போவது அவருடைய பழைய இன்டர்நேஷனல் ஸ்கவுட். எனக்கு அந்த வண்டிமேல் பக்கியைவிடக் கொஞ்சம் அதிகப் பாசம் என்பதை அவரிடம் சொன்னதில்லை. டிராக்டரும் கதிரறுக்கும் இயந்திரமும் செய்துவந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், 1960 கடைசியில் தொடங்கி 1980 வரை செய்த வண்டி. டிராக்டர் கம்பெனியின் புத்தி அதில் எல்லா இடத்திலும் தெரியும். நாலு சிலிண்டர் எஞ்சின் வேண்டுமா? தங்களிடம் இருந்த வி-8 எஞ்சினில் ஒரு வரிசையை விட்டுவிட்டு மறு வரிசையை மட்டும் வைத்தார்கள்; அது சாய்ந்தபடியே பானெட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. கூரை தனியே கழன்று வரும். பக்கங்களில் ஓர் அலங்கார வளைவு கிடையாது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் ஸ்கவுட் வந்துவிடும். நான் நோட்டுப்புத்தகத்தில் போட்டிருக்கிறேன்.

மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி முன் சக்கர ஹப்பைத் திருகிப் பூட்டவேண்டும். அப்போதுதான் முன் சக்கரங்களுக்கும் இழுவை கிடைக்கும். குதித்து இறங்கி, சக்கரத்தின் நடுவே இருக்கிற அந்தக் குமிழைக் கையால் திருப்புவேன். உள்ளே ‘டக்’ என்று பல் சேரும். இரண்டு பக்கமும் முடித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால்தான் வண்டி நகரும். இப்போதைய வண்டிகளில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் திரையில் ஒரு படம் வருகிறது.

தெருவில் வேறு இனங்களும் இருந்தன. மூலை வீட்டில் டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே 40, கிளம்பும்போதே தெரு முழுக்க எழுந்துவிடும். எதிர் வீட்டில் 1966-ல் வந்த முதல் தலைமுறை ஃபோர்டு பிராங்கோ. அந்த வீட்டுப் பையன் அறையில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தான்: ‘பிக் ஓலி’. 1963-ல் இண்டியானாபொலிஸ் 500 ஜெயித்த பார்னெல்லி ஜோன்ஸ், பில் ஸ்ட்ராப்பின் பட்டறையில் உருவான அந்தப் பிராங்கோவை ஓட்டி 1971, 1972 இரண்டு ஆண்டும் மெக்சிகன் 1000 பந்தயத்தை ஜெயித்தார். பார்க்கத்தான் பிராங்கோ, உள்ளே குழாய்களால் கட்டிய பந்தயச் சட்டம். கூரைமேல் விமானத்தில் இருந்து கழற்றி வந்தமாதிரி ஓர் இறக்கை. 1971-ல் எடுத்துக்கொண்ட நேரம் 15 மணிக்கு ஒரு நிமிடம் குறைவு. அந்தப் பையன் ‘ஓலி’ ஒரு பீர் கம்பெனியின் பெயர் என்பதை அவன் அம்மாவிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தான்.

மணலுக்குப் போவது நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில். ஒரு வருஷம் அங்கிள் எங்கள் குடும்பத்தையும் கூப்பிட்டார். அம்மா கட்டுச்சோறு கட்டினாள்: புளிச்சோறு, கருவாட்டுத் துவையல். துவையல் டப்பாவை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றியும் ஸ்கவுட் முழுக்க மணந்தது. எட்டாம் நெடுஞ்சாலை மலையேறி, பிறகு இன்-கோ-பா பள்ளத்தாக்கு வழியாகப் பாலைவனத்துக்குச் சரசரவென்று இறங்கும். எதிர்ப்பக்கம் மேலேறி வருகிற சாலையோரத்தில், கொதித்துப்போகும் ரேடியேட்டர்களுக்காகத் தண்ணீர் வைத்திருப்பார்கள். பானெட்டைத் திறந்து போட்டு, ஆவி பறக்க நிற்கிற பெரிய கார்களை எண்ணிக்கொண்டே வருவேன். அவற்றில் பீட்டில் இருக்காது.

எல் சென்ட்ரோ பக்கம் ஒரு குருத்வாரா உண்டு என்று அப்பா வழியில் சொல்லுவார். நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பஞ்சாபிலிருந்து வந்து அந்தப் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்த்தவர்கள் ஏற்படுத்தியது. அதையும் தாண்டினால் திடீரென்று மணல். 70 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 90 மீட்டர் உயரத்துக்கு எழும்பிய மேடுகள். அல்கடோன்ஸ் என்பது வரைபடத்தில் இருக்கிற பெயர். எல்லாரும் கிளாமிஸ் என்பார்கள். தார்ச்சாலை வருவதற்கு முன்னே, 1915 தொடங்கி 1926 வரை, இந்த மணலின்மேல் மரப்பலகைகளைக் கோத்து ஒற்றை வழிச் சாலை போட்டிருந்தார்கள். எதிரே வண்டி வந்துவிட்டால் யார் பின்னால் போவது என்று சண்டை நடக்கும். அந்தப் பலகைகளில் கொஞ்சம் இன்னும் அங்கே வெளுத்துக் கிடக்கிறது. அந்த ஆண்டுதான், 1982-ல், ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்’ படத்துக்கு அங்கே செட் போட்டுப் படம்பிடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வேறு பெயரில் ஏதோ பேய்ப்படம் என்று சொல்லி மறைத்துப் பார்த்தார்களாம். பக்கி ஓட்டுகிறவர்களிடம் அந்த மணலில் எதை மறைக்க முடியும்?

போய்ச் சேர்ந்ததும் டயர் காற்றை இறக்கவேண்டும். சாலையில் முப்பதாக இருந்ததைப் பத்துக்குக் கொண்டுவருவார். டயர் பரந்து உட்காரும். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அங்கிளிடம் தேரிக்காட்டையும் பாதத்தைப் பரப்பி வைக்கிற விஷயத்தையும் இங்கிலீஷில் சொன்னேன். அவர் கேஜைக் கீழே வைத்துவிட்டு, “உன் அம்மாவை முதலில் ஏறச்சொல்” என்றார்.

சேலை முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா உட்கார்ந்தாள். பின்னால் ஒண்டிக்கொண்டு நான். பக்கியின் பின்பக்கத்தில் நீளக் கம்பு, அதன் நுனியில் ஆரஞ்சுக் கொடி. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிறவனுக்கு முதலில் கொடிதான் தெரியவேண்டும். காற்றால் குளிரும் எஞ்சினுக்குச் சத்தத்தை அடக்கத் தண்ணீர் உறை கிடையாது. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும், வேகம் ஏற ஏற ஒன்றோடொன்று சேர்ந்து அலறும். முதல் மேட்டின் உச்சி நெருங்கியபோது அம்மா கத்தினாள்: “நேரா ஏறாதீரும்! காத்து வார பக்கந்தான் இறுகி இருக்கும், மறுபக்கம் பொலபொலன்னு கிடக்கும்னு சொல்லுட்டி!” நான் மொழிபெயர்ப்பதற்குள் அவரே உச்சியில் வண்டியைச் சாய்த்துத் திருப்பி, ஓரமாகவே ஓடி, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். மணலோட்டத்தின் முதல் பாடமே அதுதான். நான் பிறகு சொன்னபோது அவர் அம்மாவுக்கு ஒரு கடற்படை சல்யூட் வைத்தார். அப்பா கூடாரத்தருகே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை ஏறவில்லை. சோற்றில் மணல் கடிபடுகிறது என்று மட்டும் சொன்னார்.

பாஹாவில் ஜூன் மாதம் நடக்கும் இன்னொரு பந்தயத்தைப் பார்க்க அங்கே என்செனாடா ஊருக்கும் போயிருக்கிறோம். ஊருக்கு வெளியே ஓர் ஓடைப் படுகையில் விடியும் முன்பே ஜனங்கள் கூடிவிடுவார்கள். முதலில் மோட்டார் சைக்கிள்கள், பிறகு இடைவெளி விட்டு விட்டு வண்டிகள். தூரத்தில் புழுதித்தூண் எழும். அதன் அடியில் என்ன வண்டி என்று சத்தத்தை வைத்தே பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். எங்கள் சான் டியேகோ பக்கத்துக்காரரான ஐவன் ஸ்டூவர்ட் வந்தால் எங்கள் கூட்டம் எழுந்து நிற்கும். 1973-ல் அவர் துணை ஓட்டுநராக வரவேண்டியவர். முதன்மை ஓட்டுநருக்குக் கால் உடைந்துபோகவே தனியாளாக முழுப் பந்தயத்தையும் ஓட்டி ஜெயித்தார். ‘அயர்ன்மேன்’ என்ற பெயர் அப்படித் தனியே ஓட்டி ஓட்டி வந்தது. 1983-லிருந்து டொயோட்டா டிரக்.

ஆனால் நான் காத்திருந்தது எல்லாரும் போன பிறகு வருகிறவர்களுக்கு. அதிகம் மாற்றாத சாதாரண பீட்டில்களுக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. சுமார் 60 குதிரைத்திறன், தரையோடு ஒட்டிய வயிறு. கூட்டம் பாதி கலைந்து, தின்பண்டக்காரர்கள் வண்டியைக் கட்டுகிற நேரத்தில் அவை ஒவ்வொன்றாக, ஆடி ஆடி, பெரிய டிரக்குகள் தோண்டிவிட்டுப்போன குழிகளில் விழுந்து எழுந்து வரும். ஓட்டுகிறவர்கள் கைகாட்டுவார்கள், முன்னால் போனவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை. நம் தெருவில் பால் வாங்கப் போகிற வண்டி பாலைவனத்துக்குக் கிளம்பி வந்திருக்கிறது என்பதைவிட எனக்குப் பெரிய வீரம் அப்போது தெரியாது. இப்போதும் அந்த எண்ணத்தில் பெரிய மாற்றமில்லை.

1989-ல் ஸ்டூவர்ட்டின் பெயரிலேயே வீடியோ கேம் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் மூன்று ஸ்டியரிங்; மூன்று பேர் முட்டிக்கொண்டு நின்று விளையாடுவோம். 1994-ல் ‘டிராஃபி டிரக்’ என்று தனிப் பிரிவு வந்தது. எண்ணூறு, தொள்ளாயிரம் குதிரைத்திறன். சக்கரம் முக்கால் மீட்டர் மேலும் கீழும் போய்வரும். குழிகள் இருப்பதே தெரியாமல் அவை பறப்பதைப் பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கேபினுக்குள் என்ன நடக்கிறது என்று வேலி இடுக்கு வழியாகப் பார்த்து எந்தக் குழந்தையும் புரிந்துகொள்ள முடியாது. புது பிராங்கோவையும் ஷோரூமில் போய்ப் பார்த்தேன். பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதன்மேல் கம்பெனி பெயர்.

மேயர்ஸ் 2021-ல் 94 வயதில் இறந்தார். அவருடைய முதல் சிவப்பு வண்டியை அமெரிக்காவின் வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள். கம்பெனி வேறு கைக்குப் போய், மின்சார மாங்க்ஸ் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். சத்தமில்லாத பக்கி எனக்கு வேண்டாம். அது என் பிடிவாதம். அதே 2021-ல் ‘பிக் ஓலி’ ஏலத்துக்கு வந்தது. எதிர் வீட்டுப் பையனின் போஸ்டரில் இருந்த அதே வண்டி, அதே இறக்கை. 18 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது. அம்மாவுக்குப் போன் போட்டு, அந்தப் பிராங்கோவின் படத்தையும் அனுப்பி விலையைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்திருக்கவேண்டும். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“ஏட்டி, இம்புட்டுத் துட்டு குடுத்து வாங்குனவரு இத மணல்ல ஓட்டுவாரா?”

“ஓட்ட மாட்டாங்கம்மா. வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க.”

“அப்பம் நம்ம பக்கத்து வீட்டுக்காரரு தொட்டியே தேவல” என்றாள்.